என் அக்கா வாயில் நடந்த ஆராய்ச்சி

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பல் கூசும். யாராவது பேப்பரைப் படித்துவிட்டு வந்து, "ஈறு கெட்டால் மூளையும் கெடுமாம், கண்டுபிடிச்சிருக்காங்களாம்" என்று ஆரம்பித்தால், "ஆமா, கண்டு கிழிச்சாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஈறோடும் மூளையோடும் எனக்கு என்ன சண்டை? அதைக் கண்டுபிடிக்கிறேன் என்று எழுபதுகளில் எங்கள் மலைக்கு ஜீப் ஏறி வந்தாரே ஒரு மனிதர், அவரோடுதான் எனக்குச் சண்டை. அவர் இப்போது உயிரோடு இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. சண்டை இருக்கிறது.

அப்போது நான் மலையாளப் பக்கம், சித்திரபுரத்துக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தேன். வேலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, கம்பவுண்டர் சொல்கிற கலர் தண்ணீரைக் குப்பியில் ஊற்றிக் கொடுப்பது. என் புருஷனுக்குக் கரண்ட் போர்டில் வேலை என்பதால் சித்திரபுரத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் அக்கா மேலே எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டின வரிசை வீட்டில் இருந்தாள். கொழுந்து எடுக்கிறவள். அத்தானுக்கு ஃபேக்டரியில் வேலை, இரண்டு பிள்ளைகள்.

அக்காவைப் பற்றிச் சொன்னால் அவள் பல்லைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். முத்துப் பல் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், கொஞ்சம் பெரிய பல்தான். ஆனால் இரும்பு. கரும்பைக் கடித்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். சம்பளத்தன்று பஜாரில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை வாங்குவாள். அது அவளுக்கு மட்டும்தான். பிள்ளைகளுக்கு மிட்டாய், அத்தானுக்கு பீடி, அவளுக்குக் கடலை. பஜாரிலிருந்து லயம் வரைக்கும் ஏற்றம் முழுக்க மென்றுகொண்டே வருவாள். ஒரு மாசத்தில் அவள் தனக்கென்று செலவழிப்பது அந்தப் பொட்டலம் ஒன்றுதான்.

அந்த ஏற்றத்தில் அவள் தடுமாற ஆரம்பித்தாள். செருப்பு காலைவிட்டுக் கழன்று போனது தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வருவாள். "உள்ளங்கால் மரத்துப் போவுதுட்டி, சில நேரம் தீயா எரியுது" என்பாள். பகலில் தரையைப் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பாள், வெளிச்சம் குறைந்தால் சுவரைப் பிடிப்பாள். கம்பவுண்டரிடம் கூட்டிப் போனேன். வாயு என்று சொல்லி ஒரு எண்ணெயைக் கொடுத்தார். அந்த மனிதருக்குத் தெரிந்த வியாதி மூன்று: வாயு, சூடு, சோம்பல். ஆண்களுக்கு முதல் இரண்டு, பெண்களுக்கு மூன்றும்.

அக்காவுக்கு ஒரே பயம்தான். கால் போனால் மலையேற முடியாது. மலையேறாவிட்டால் செக்ரோலில் பேர் வெட்டிவிடுவார்கள். செக்ரோல் என்பது எஸ்டேட்டின் பேர்ப் பதிவு. அதில் பேர் இருந்தால்தான் ஆள், இல்லாவிட்டால் சுமை. அத்தான் சம்பளத்தில் மட்டும் அந்த வீடு ஓடாது. அவள் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகலாம் என்றால் அம்மாவும் இல்லை, வீடும் இல்லை.

அவள் என்ன சாப்பிட்டாள் என்பது எனக்குத் தெரியும். அரிசிக்குத் தட்டுப்பாடான காலம். ரேஷன் அரிசி வந்த வேகத்தில் தீர்ந்துவிடும். இருக்கிற சோறு அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும். அக்காவுக்குக் கப்பக்கிழங்கு, அதுதான் மரவள்ளி. கீழே காட்டைத் திருத்திக் குடியேறினவர்கள் விற்பார்கள். கசக்கிற ரகம் மலிவு, அதைத்தான் வாங்குவாள். அதில் இருக்கிற விஷம் போக, வேகவைத்த தண்ணீரை இரண்டு தடவை கொட்ட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். விறகு யார் கொடுப்பார்? ஒரு கொதி, அதோடு இறக்கிவிடுவாள். தொட்டுக்கொள்ள மிளகாயும் உப்பும். மூன்று வேளையும் அதுதான்.

இது அவள் ஒருத்தி கதை இல்லை. மலையில் மத்தியானம் பெண்கள் சாப்பிட உட்காரும்போது ஒவ்வொரு தூக்குவாளியையும் திறந்து பார்த்தால் மேலே வெள்ளை வெளேரென்று சோறு இருக்கும். ஒரு கை சோறு. அதைக் கிழங்கின் மேல் பரப்பி வைத்திருப்பார்கள். மேலே இருப்பதைக் கலைக்காமல் ஓரமாகத் தோண்டித் தோண்டிக் கிழங்கைத் தின்பார்கள். எல்லார் வாளியிலும் அதே ஏற்பாடு, எல்லாருக்கும் தெரியும், ஒருத்தி வாய் திறக்க மாட்டாள். கிழங்கு தின்கிறேன் என்று சொன்னால் புருஷன் சோறு போடவில்லை என்று அர்த்தம். புருஷன்மாருக்கு இந்த மானம் இருந்ததா என்று கேட்காதீர்கள். அவர்கள் மானத்தையும் சேர்த்து இவர்கள்தான் சுமந்தார்கள், கொழுந்துக் கூடையோடு.

அந்த நிலையில்தான் ஜீப் வந்தது. மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெரிய டாக்டரும் இரண்டு உதவியாளர்களும். பல் டாக்டர் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும், ஆராய்ச்சி டாக்டர் என்று சொல்ல வேண்டுமாம். பாலக்காட்டுக்காரர். தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிற தமிழ்க் குடும்பம். "நானும் தமிழாக்கும், எனக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்" என்று வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார். அவர் பேசினதும் தமிழ், நாங்கள் பேசினதும் தமிழ். அவ்வளவுதான் ஒட்டு.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினார். ஈறு நோய் என்றால் என்ன, நரம்பு என்றால் என்ன, மூளைக்கு ஆகாரம் எப்படிப் போகிறது, எல்லாம் சொன்னார். கடைசியில் சொன்னார், "கிழங்கே கதின்னு இருக்கறவாளுக்கு நரம்பு தளர்ந்து, மூளையும் மந்தமாறதோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம். அதைப் பாக்கத்தான் வந்திருக்கோம். நாளைக்கு எல்லாரோட வாயையும் பாப்போம். என்ன சாப்பிடறேள்னும் கேப்போம். ஒளிக்காமச் சொல்லுங்கோ."

என்ன புத்திசாலித்தனம் பாருங்கள். திருடனைப் பிடிக்கப் போகிறவர் தம்பட்டம் அடித்துக்கொண்டு போவதுபோல. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. கிழங்கு தின்றால் மூளை மந்தம். ஒரு சூப்பர்வைசர் கொழுந்து நிறுக்கிற இடத்தில், "என்ன, கிழங்கு மூளைக்காரி, எடை குறையுது" என்று ஒருத்தியைக் கேட்டாராம். போதாதா? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீடு, வேலை நிரந்தரமாகாத வீடு, எல்லா வீடும் ஒரே நாளில் மூன்று வேளையும் சோறு தின்கிற வீடாகிவிட்டது.

மறுநாள் காலையில் லயத்துக் குழாயடியைப் பார்த்திருக்க வேண்டும். டாக்டர் வாயைப் பார்க்கப் போகிறார், மானம் போகக் கூடாது அல்லவா. செங்கல்லை உடைத்து, அம்மியில் வைத்துப் பொடித்து, உப்பைக் கலந்து தேய்க்கிறார்கள். சட்டி விளக்குகிற மாதிரி. என் அக்கா எல்லோருக்கும் ஒரு படி மேலே. கொல்லன் அரம் போடுவதுபோலத் தேய்த்துக்கொண்டிருந்தாள். துப்பினால் சிவப்பு. "செங்கப்பொடியா, ரத்தமா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் பொடியை எடுத்தாள்.

டிஸ்பென்சரியில் எனக்கு டார்ச் பிடிக்கிற வேலை கொடுத்தார்கள். டாக்டர் ஒரு வளைந்த கம்பியை ஈறு ஓரத்தில் விடுவார், ரத்தம் வரும். உதவியாளர்களைப் பார்த்துத் தலையாட்டுவார், அவர்கள் எழுதுவார்கள். அடுத்த ஆள், ரத்தம், தலையாட்டல், எழுத்து. அவர் முகத்தில் சந்தோஷம் ஏறிக்கொண்டே போனது. எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டர் ஐயா, எல்லாரும் காலையில செங்கப்பொடி போட்டுத் தேய்ச்சிட்டு வந்திருக்காங்க. அதுல வர்ற ரத்தம் இது" என்றேன்.

"டார்ச்சை நேராப் பிடிம்மா" என்றார்.

பிடித்தேன். வேறென்ன செய்ய?

அக்கா முறை வந்தது. அத்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்ததும் ரத்தம் தானாகவே கசிந்தது. கம்பியே தேவைப்படவில்லை. அப்புறம் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அதன்மேல் நடக்கச் சொன்னார்கள். அவள் இரண்டு எட்டு வைத்ததும் என் தோளைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னபோது விழப் போனாள். உள்ளங்காலில் ஊசியால் குத்தினார்கள், "குத்தியாச்சா?" என்று கேட்டாள். டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் தேடி வந்த ஆள் கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கே நம்பிக்கை வந்தது, சத்தியமாக.

"என்ன சாப்பிடறேள்?" என்று கேட்டார்.

அக்கா வாசலைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "சோறுதான். பருப்பு, மீன் குழம்பு. ராத்திரிக்கு முட்டை."

முட்டையாம். அந்த வீட்டில் முட்டை வந்தால் அதற்குத் தனியாக விருந்து வைப்பார்கள். நான் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டேன். "ஐயா, இவ எனக்குக் கூடப் பிறந்தவ. வெட்கப்பட்டுக்கிட்டுச் சொல்லுதா. மூணு வேளையும் கப்பக்கிழங்குதான் திங்கா. அதுவும் கசப்புக் கிழங்கு" என்றேன்.

டாக்டருக்கு முகம் சுருங்கியது. "அவாளே சொல்லட்டும். மத்தவா சொல்லப்படாது. கணக்கு கெட்டுப் போயிடும்" என்றார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் பச்சைக் கொழுந்து கருகிவிடும். வாசலில் நின்ற அத்தான் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி முட்டை தின்கிறவள் எந்த வீட்டுக்காரி என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

கணக்கு கெடாமல் காப்பாற்றியாகிவிட்டது. இனி முடிவுதானே. சாப்பாடு நன்றாக இருக்கிறது, நரம்பு கெட்டிருக்கிறது, ஈறில் ரத்தம் கொட்டுகிறது. அப்படியானால் ஈறுதான் குற்றவாளி. "ஈறுல இருக்கற விஷம் உள்ள எறங்கி நரம்பையும் மூளையையும் தின்னறது. அதாக்கும் காரணம்" என்று அத்தானிடம் சொன்னார். பல்லை எல்லாம் எடுத்துவிட்டால் விஷம் நின்றுவிடும், கால் திரும்பிவிடும், பழையபடி மலையேறலாம். பல் செட்டு கல்லூரியிலிருந்து அனுப்புவார்கள், பைசா வேண்டாம். அவர் அதை நம்பித்தான் சொன்னார். பொய் சொல்கிறவனிடம் வாதாடலாம், நம்புகிறவனிடம் என்ன செய்வது?

அன்று சாயங்காலம் லயத்துக்குப் போய்க் கத்தினேன். "கிறுக்கி, உண்மையைச் சொல்லு. பல்லு எதுக்குப் போகணும்?" என்றேன். அக்கா அடுப்பில் கிழங்கைத்தான் கிளறிக்கொண்டிருந்தாள், மீன் குழம்பை அல்ல.

"அம்புட்டுப் பேரு முன்னாடி கிழங்கு திங்கேன்னு சொல்லி, இந்த மனுசன் தலையைக் குனிய வைக்கச் சொல்லுதியா?" என்றாள். "பல்லு போனாப் போவட்டும்ட்டி. பல்லை வச்சு நான் என்ன மலையா ஏறப் போறேன். காலு வந்தாப் போதும்."

அத்தானிடம் திரும்பினேன். "நீங்க சொல்லுங்க, கடைசியா முட்டை எப்ப வாங்குனீங்க?" அவர் பீடியை உதறினார். "படிச்ச டாக்டரு சொல்லுதாரு. உனக்கும் எனக்கும் என்ன தெரியும்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. தட்டில் விழுவதைத் தின்றுவிட்டு எழுந்து போனவர், சட்டியை ஒருநாள் எட்டிப் பார்த்தவரில்லை.

பல்லைப் பிடுங்கினார்கள். ஒரே நாளில் இல்லை, சில தடவையாக. ஆடுகிற பல்லாக இருந்தால் சுலபம். அக்கா பல் ஒன்றும் ஆடவில்லை. உதவியாளர் நாற்காலியில் முழங்காலை ஊன்றி, வேர்த்து வடிய இழுத்தார். ஒரு கடைவாய்ப் பல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. "நல்ல வேராக்கும்" என்று டாக்டர் பாராட்டினார். நல்ல வேராக இருந்தால் ஏன் ஐயா பிடுங்குகிறீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. நான் பிடித்திருந்த பேசினில் பல் விழுந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு, கையால் காலைத் தொட்டுக் காட்டினாள். சரியாகிவிடும்தானே என்று கேட்கிறாள். டாக்டர் அவள் தோளில் தட்டிக் கொடுத்தார்.

ஜீப் போய்விட்டது. பல் செட்டு வரவில்லை. முப்பத்தைந்து வயதுக்காரி, கன்னம் உள்ளே போய், பேச்சில் காற்றுப் போய், ஒரே மாதத்தில் கிழவியாகிவிட்டாள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முன்பு எப்போதாவது ஒரு துண்டு கருவாடு, ஒரு பிடி கீரைத் தண்டு, சம்பளத்தன்று அந்தக் கடலை என்று நாலு விதமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. இப்போது மெல்ல முடியாது. வீட்டில் பல் இல்லாமல் விழுங்கக் கூடியதாக, அவள் பங்குக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். நன்றாக வெந்து குழைந்த கப்பக்கிழங்கு. முன்பு பெரும்பாலும் கிழங்கு தின்றவள், ஆராய்ச்சிக்குப் பிறகு கிழங்கு மட்டுமே தின்றாள். எனக்கு வயிறு எரிவது இதில்தான்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் கூடையோடு சரிவில் உருண்டுவிட்டாள். தேயிலைச் செடி பிடித்து நிறுத்தியது, இல்லாவிட்டால் கீழே ஓடைதான். அதோடு மேலதிகாரிகள் முடிவு செய்துவிட்டார்கள். அன்ஃபிட் என்று ஒரு வார்த்தை. செக்ரோலில் பேர் போயிற்று. எதற்காகப் பல்லைக் கொடுத்தாளோ அது போயிற்று.

நான் போய் அத்தானை என் வாயில் வந்தபடி பேசினேன். அதை எல்லாம் இங்கே எழுத முடியாது. அக்காவைக் கையோடு சித்திரபுரத்துக்குக் கூட்டி வந்தேன். என் புருஷன் கட்டிலைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். குழைந்த சோறு, கடைந்த பருப்பு, மசித்த முட்டை, முள் எடுத்த மீன், கொஞ்சம் மோர். வைத்தியம் என்று நினைத்துச் செய்யவில்லை, சாப்பாடு என்று நினைத்துத்தான் செய்தேன். பல மாதம் கழித்துக் கால் எரிச்சல் தணிந்தது. விழுவது நின்றது. ஒரு கம்பை ஊன்றிக் குழாயடி வரைக்கும் தானாகப் போய் வந்தாள். மலையேறுகிற கால் திரும்பவில்லை. பிறகு டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்துவிட்டு, "வேறே ஒண்ணுமே இல்லாம கசப்புக் கிழங்கையே தின்னா இப்படித்தான் நரம்பு போவும். மீனும் பருப்பும் சேத்துத் தின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்று சொன்னார். கிழங்கு மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்குக் கிடைத்த டாக்டர்கள் வரிசை மாறி வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்த வருஷம் அதே ஜீப் மறுபடி வந்தது. பலன் பார்க்க வேண்டுமாம். அக்காவைப் போலப் பல் பிடுங்கப்பட்ட எல்லோரையும் டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னார்கள். அக்கா போக மாட்டாள் என்று நினைத்தேன். அவள்தான் முதலில் கம்பை எடுத்தாள். "வாட்டி, போவோம்" என்றாள்.

டாக்டர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். வாயைத் திறக்கச் சொன்னார், நான் டார்ச் பிடித்தேன், நேராகவே பிடித்தேன். "பலே. ஈறு பிரமாதம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை" என்றார். பல்லே இல்லாத வாயில் எங்கிருந்து ஈறு நோய் வரும்? நடக்கச் சொன்னார். அக்கா சாக்பீஸ் கோட்டில் கம்பு இல்லாமல் நாலைந்து எட்டு வைத்தாள். போன தடவை இரண்டு எட்டு அல்லவா. டாக்டருக்குக் கண் மலர்ந்துவிட்டது. உதவியாளரைப் பார்த்து, "எழுதிக்கோ, நன்னாத் தெளிஞ்சிருக்கு" என்றார். நான் மாதக்கணக்காக மசித்துக் கொடுத்த முட்டையும் பருப்பும் அவர் பல் பிடுங்கின கணக்கில் வரவாகிவிட்டது. எனக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மத்தவா சொல்லப்படாதே.

"இப்போ என்ன சாப்பிடறேள்?" என்று அக்காவைக் கேட்டார்.

இந்த முறை வாசலில் அத்தான் இல்லை. உண்மையைச் சொல்லத் தடையில்லை. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, அந்தப் பொக்கை வாயை நன்றாகத் திறந்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள், "வறுத்த கடலைங்க ஐயா. தெனமும் ஒரு பொட்டலம்."

உதவியாளர் எழுதினார். டாக்டர் அடுத்த ஆளின் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "ரொம்ப நல்லது. நன்னா மென்னு சாப்பிடுங்கோ" என்றார்.

வெளியே வந்தோம். ஜீப்பைத் தாண்டி, படி இறங்கி, பஜார் பக்கம் திரும்பினோம். நான் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன். கடலைக்காரன் கடைக்கு எதிரே வந்ததும் கம்பை ஊன்றி நின்றாள்.

"எழுதிக்கிட்டாருட்டி" என்றாள். பல்லைப் பிடுங்கின அன்றைக்கும், பேரை வெட்டின அன்றைக்கும் அழாதவள், நடுரோட்டில் நின்று அழுதாள்.